சுவாசப்பை, கதிர்வீச்சு, ஜீன்: வகுப்பு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கதிர்வீச்சு வருகிற வாரத்தில் இரண்டு விதமான ஆட்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். வகுப்புக்குள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். வாசலிலே அவர்களைக் கூட்டிப்போக வந்து நிற்கிற அம்மாமாரும் அப்பாமாரும். வாசலில் நிற்பவர்களில் யாராவது ஒருவரின் வீட்டிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆள் போய்வந்துகொண்டிருப்பார். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பாடநூல் ‘பரம்பரையலகு’ என்கிறது, வாசலில் எல்லோரும் ‘ஜீன்’ என்கிறார்கள். இங்கே ஜீன் என்றே வைத்துக்கொள்வோம்.

மிஸ், ரேடியேஷன் பட்டால் ஜீன் மாறிப்போகுமோ?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். டீ.என்.ஏ. இழையில் எழுதப்பட்டிருக்கும் ஜீனின் எழுத்தே பிழையாகிப்போவது விகாரம். எழுத்து அப்படியே இருக்க, அந்த ஜீன் கூடவோ குறையவோ வேலை செய்வது ஜீனின் செயற்பாடு மாறுவது. நமது ஒவ்வொரு கலத்திலும் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. ஆனால் எல்லாமே எல்லா இடத்திலும் விழித்திருப்பதில்லை. சுவாசப்பையின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழுக்குப் பூச்சு தேவை. அதற்கான புரதங்களின் ஜீன்கள் சிற்றறையின் இரண்டாம் வகைக் கலத்தில் மும்முரமாக வேலை செய்யும். அதே ஜீன்கள் தோல் கலத்திலும் இருக்கின்றன, ஆனால் தூங்குகின்றன.

2022 மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனதும் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். அந்தச் சத்தம் கோளாறு அல்ல, கோளாறுக்கான பதில். கதிர் பட்ட கலத்தில் ஜீன்கள் எழும்புவதில் பெரும்பகுதி இந்த ஜெனரேட்டர் சத்தம்தான். கரண்ட் வந்த பிறகும் அது நிற்காமல் ஓடினால்தான் வீடெல்லாம் புகை. கீழே அந்த இடத்துக்கும் வருவோம்.

அல்பா, பீற்றா, காமா எண்டு பாடமாக்கினம். சுவாசப்பைக்கு இதில எது பொல்லாதது?

மூன்றும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் விடும் கதிர்கள். வெளியிலிருந்து வந்தால் அல்பா ஒன்றுமே இல்லை. ஒரு தாள் போதும் தடுக்க. தோலின் மேலுள்ள செத்த படையே அதை நிறுத்திவிடும். மூச்சோடு உள்ளே போய்விட்டால் கதை தலைகீழ். இழையத்துக்குள் அது ஓடும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைவு. சுவாசக் குழாயின் உட்பக்கத்தில் பிரியும் கலங்கள் அந்தத் தூரத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன.

இனி நெருக்கம். அல்பா தன் பாதையில் ஒவ்வொரு மைக்ரோமீற்றருக்கும் ஏறத்தாழ 100 கிலோ இலத்திரன்வோற்று சக்தியைக் கொட்டுகிறது. கோபாற்று-60 இன் காமாவுக்கு அந்தக் கணக்கு ஒன்றுக்கும் குறைவு. எக்ஸ்ரேயும் பீற்றாவும் காமாவின் பக்கம்தான், ஐதான கதிர்கள். நியூத்திரனுக்கு ஏற்றமில்லை, ஆனால் அது ஐதரசன் அணுக்களின் புரோத்தன்களை இடித்துத் தள்ள, அவை நெருக்கமாகச் சக்தியைக் கொட்டும். பாதுகாப்புக் கணக்கில் காமாவுக்கு 1, அல்பாவுக்கு 20 என்று சர்வதேசக் குழு நிறை கொடுத்திருப்பது இதனால்தான்.

ஒரு கிரே எண்டால் ஒரு கிரேதானே? பிறகு ஏன் வித்தியாசம்?

கிரே என்பது ஒரு கிலோ இழையம் வாங்கிக்கொண்ட ஒரு யூல் சக்தி. அது எப்படிப் பரவி விழுந்தது என்பதை அந்த எண் சொல்லாது. ஓட்டுக் கூரையில் ஒரு கிலோ மழை தூறலாம், ஒரு கிலோ தேங்காயும் விழலாம்.

டீ.என்.ஏ. இரண்டு இழைகள் கொண்டது. ஒரு கிரே எக்ஸ்ரே ஒரு கலக்கருவுக்குள் அதில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை அறுவைகளையும், நாற்பதுக்குக் கிட்டிய இரட்டை இழை அறுவைகளையும் உண்டாக்கும். அவை தூரத் தூரமாகச் சிதறிக் கிடக்கும். அவற்றில் பெரும்பகுதி நேரடி அடிகூட அல்ல. கதிர் நீர் மூலக்கூற்றை உடைக்கிறது, அதில் பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம் டீ.என்.ஏ.யைக் கடிக்கிறது. அல்பாவின் பாதையில் அறுவைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொத்தாக விழும். ஒற்றை அறுவையை எதிர் இழையைப் பார்த்துத் தைத்துவிடலாம். எதிர் இழையும் அதே இடத்தில் பிய்ந்திருந்தால் எதைப் பார்த்துத் தைப்பது?

பட்ட உடனே கலத்துக்குள்ள என்ன நடக்குது? வரிசையாச் சொல்லுங்கோ.

நிமிடங்களுக்குள் ஏ.டீ.எம். என்ற புரதம் அறுவையைக் கண்டுகொள்ளும். (இந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பில் யாராவது காசு எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும்.) அது பி53 என்ற புரதத்தை உசுப்பும். பி53 சாதாரண நாளிலும் செய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் எம்.டீ.எம்.2 என்ற இன்னொரு புரதம் அதை உடனுக்குடன் அழித்துவிடும். ஏ.டீ.எம். அந்தப் பிடியைத் தளர்த்த, பி53 சில மணிக்குள் குவியும்.

குவிந்த பி53 ஜீன்களை எழுப்பத் தொடங்கும். பி21 என்ற ஜீன் எழும்பினால் கலம் பிரிவதை நிறுத்தித் திருத்த வேலைக்கு நேரம் கொடுக்கும். திருத்தும் கருவிகளுக்கான ஜீன்கள் எழும்பும். திருத்தவே முடியாவிட்டால் பாக்ஸ் போன்றவை எழும்பிக் கலத்தைத் தானாகவே சாகச் செய்யும். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பி53 எழுப்பும் ஜீன்களில் எம்.டீ.எம்.2 உம் ஒன்று. தன்னை அழிக்கிறவனைத் தானே கூப்பிடுகிறது. அதனால்தான் பதில் அலை அலையாக எழுந்து அடங்குகிறது. ஜெனரேட்டரை நிறுத்துகிற சுவிட்சும் ஜெனரேட்டரிலேயே இருக்கிறது.

அப்ப எந்தக் கதிர் பட்டாலும் அதே ஜீன்தானே எழும்புது? பிறகு வகையைப் பற்றி ஏன் கதைக்கிறியள்?

இதைக் கேட்ட பிள்ளைக்கு ஒரு சபாஷ். முதல் சில மணியில் எழும்பும் ஜீன்களின் பட்டியலைப் பார்த்தால், காமா பட்ட சுவாசப்பைக் கலத்துக்கும் அல்பா பட்ட கலத்துக்கும் நிறையவே பொதுவாக இருக்கும். பி21, எம்.டீ.எம்.2 எல்லாம் இரண்டிலும் தலைகாட்டும். ‘அல்பாவுக்கு ஒரு ஜீன், காமாவுக்கு ஒரு ஜீன்’ என்று பாடமாக்க வழியில்லை.

வித்தியாசம் மூன்று இடங்களில் தெரிகிறது. ஒன்று, காலம். ஐதான கதிரின் அறுவைகளில் பெரும்பகுதி சில மணிக்குள் தைக்கப்பட்டு, எழும்பிய ஜீன்கள் அடங்கத் தொடங்கும். நெருக்கமான கதிரின் கொத்து அறுவைகள் அடுத்த நாளும் கிடக்கும், அபாயச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு, அளவு. ஒரே கிரேக்கு அல்பாவும் காபன் அயனும் (அதுவும் நெருக்கமான கதிர்) கூடிய பதிலைக் கிளப்புகின்றன. மூன்றாவது, அழற்சி. என்.எஃப். கப்பா பீ என்ற சுவிட்ச் திரும்பினால் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் செய்திகளின் ஜீன்கள் எழும்பும். இவை கலத்துக்குள் நிற்காமல் வெளியே போய் அயலவரையும் எழுப்பும். சுவாசப்பையில் இந்த மூன்றாவதுதான் நோயாளியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். பாடநூல்கள் பி53 ஓடு நின்றுவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

கதிர் படாத கலமும் பட்ட மாதிரி நடக்குமாம். உண்மையோ, கதையோ?

உண்மை. 1992 இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் ஹம்ஸ்டர் கலங்களுக்கு மிகக் குறைந்த அளவு அல்பா கொடுத்தார்கள். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான கலங்களின் கருவைத்தான் அல்பா துளைத்திருக்கும். ஆனால் நிறமூர்த்தத்தில் மாற்றம் தெரிந்தது நூற்றில் முப்பது கலங்களில். துளைக்கப்பட்டவை ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்றவை கேட்டிருக்கின்றன. பிறகு மனிதச் சுவாசப்பையின் நாரரும்பர்க் கலங்களை (கொலாஜன் நார் செய்பவை) வைத்தும் பார்த்தார்கள். துளைக்கப்படாத அயற்கலங்களில் கொக்ஸ்-2 என்ற அழற்சி ஜீன் எழும்பியிருந்தது. என்.எஃப். கப்பா பீ எழுப்பும் ஜீன்கள் பட்ட கலத்திலும் படாத கலத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பி53 இன் ஜீன்கள் மட்டும் படாதவற்றில் மெதுவாகவே அசைந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள், ஆனால் அவர்கள் வீடு எரியவில்லை.

குறைந்த அளவு அல்பாவைப் பற்றி யோசிக்க இது முக்கியம். ஒரு அல்பா ஒரு கருவைத் துளைத்தாலே அந்தக் கருவுக்கு ஒரு கிரேயில் பத்திலொரு பங்கு அல்லது அதற்கு மேல் போய்விடும். பாதி அல்பா என்று ஒன்று இல்லை. ஆகவே ‘சராசரி அளவு மிகக் குறைவு’ என்றால், பல கலங்களுக்கு ஒன்றுமே இல்லை, ஒன்றிரண்டுக்குப் பலத்த அடி என்றே பொருள். காமாவில் அப்படியல்ல, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

மாமாவுக்கு நெஞ்சுக்குக் கதிர் குடுத்து முடிஞ்சு ரெண்டு மாசம். அப்ப ஒண்டும் இல்லை, இப்பதான் வறட்டு இருமலும் இளைப்பும். ஏன் இப்ப?

முதலில், இதை என்னிடம் கேட்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், இன்றைக்கே. கதிர்ச் சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும் சுவாசப்பை அழற்சி நன்கு தெரிந்த ஒன்று. பொதுவாக ஸ்டீரொயிட் கொடுத்துத் தணிப்பார்கள். கிருமித்தொற்றா, நோய் திரும்பியதா என்பதையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். மருந்தைத் தொடங்குவதும் குறைப்பதும் அவர்கள் வேலை.

ஏன் பிந்தி வருகிறது? மகரகமவில் கொடுக்கும் வெளிக்கதிர் எக்ஸ்ரே அல்லது காமா, அதாவது ஐதானது. சுவாசப்பைப் புற்றுக்கு வழக்கமாக 60 கிரே, ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் ஆறு வாரம். நாளுக்கு நாள் இடைவெளி விடுவதே, நல்ல கலம் தன்னைத் தைத்துக்கொள்ளட்டும் என்றுதான். பி53 இன் முதல் அலை ஒவ்வொரு நாளும் எழுந்து அடங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அடியில் இன்னொன்று நடக்கும். வழுக்குப் பூச்சு செய்யும் கலங்கள் குறையும், இரத்தக் குழாயின் உட்சுவர் கசியும், அழற்சி ஜீன்கள் வாரக்கணக்கில் விழித்திருக்கும். டீ.ஜீ.எஃப். பீற்றா என்ற செய்திப் புரதம் கூடினால், நாரரும்பர்க் கலங்களில் கொலாஜன் ஜீன்கள் எழும்பும். காயத்தை மூடும் வேலைதான் அது. மூடி முடிந்த பின்னும் நிற்காவிட்டால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அந்த இடம் வடுவாக இறுகிவிடும். நிற்காத ஜெனரேட்டர் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

அவரைத் தொடலாமோ? பக்கத்தில பிள்ளை படுக்கலாமோ?

தொடலாம், படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். வெளியிலிருந்து கொடுத்த கதிர் மெஷினை நிறுத்தியதும் முடிந்தது. உடம்புக்குள் ஒன்றும் தங்காது. விழுங்கக் கொடுக்கும் கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் போன்றவை வேறு சங்கதி, அதற்கு ஆஸ்பத்திரியே தனி அறிவுறுத்தல் தரும். சுவாசப்பையில் எழும்பிய ஜீன் பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போகுமா என்றும் கேட்கிறார்கள். போகாது. பிள்ளைக்குப் போவது முட்டையிலும் விந்திலும் இருப்பது மட்டும்.

அதே கதிர், அதே அளவு. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒண்டும் இல்லை, எங்கட ஆளுக்கு மட்டும் ஏன்?

எலிகளில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. சீ57 பிளாக்6 என்ற கருப்பு எலி வம்சத்தின் நெஞ்சுக்குக் கதிர் கொடுத்தால் சுவாசப்பை வடுவாக இறுகும். சீ3எச் வம்சத்துக்கு அதே கதிர் கொடுத்தால் அழற்சி வரும், வடு பெரும்பாலும் வராது. கதிர் ஒன்று, பிறப்பிலேயே எழுதப்பட்ட பதில் வேறு. மனிதரில் அதோடு புகைப்பழக்கம், ஏற்கெனவே உள்ள சுவாச நோய், சுவாசப்பையில் எத்தனை பங்கு கதிர்ப் பாதைக்குள் வந்தது என்பதெல்லாம் சேரும். 20 கிரேக்கு மேல் வாங்கும் பங்கை மூன்றிலொன்றுக்குள் வைக்கத்தான் திட்டமிடுகிறவர்கள் மினக்கெடுவார்கள்.

சென்னையில புரோத்தன் குடுக்கினமாம். காணியை வித்தாவது போகட்டோ?

புரோத்தன் கதிர்ச் சிகிச்சை சென்னையில் 2019 முதல் இருக்கிறது. புரோத்தனின் சிறப்பு, போய் ஓரிடத்தில் நின்றுவிடுவது. எக்ஸ்ரே மறுபக்கம் வரை ஊடுருவும். ஆகவே நல்ல சுவாசப்பைக்குப் போகும் அளவு குறையலாம். ஆனால் பட்ட கலத்துக்குள் புரோத்தன் பெரும்பாலும் எக்ஸ்ரே மாதிரியேதான். உயிரியல் வீரியத்தை எக்ஸ்ரேயின் 1.1 மடங்கு என்று கணக்கெடுக்கிறார்கள். நிற்கப்போகும் கடைசி மில்லிமீற்றர்களில் மட்டும் நெருக்கம் கூடும். சுவாசப்பை மூச்சோடு அசைவதால் அந்த நிற்கும் இடத்தைக் குறிவைப்பதும் தொல்லை. காபன் அயன் வேறு வகை. ஜப்பானின் சிபாவில் 1994 முதல் கொடுக்கிறார்கள், அது உண்மையிலேயே நெருக்கமான கதிர்.

காணியைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? ‘எங்கள் ஆளுக்கு புரோத்தனால் சுவாசப்பைக்குப் போகும் அளவு எவ்வளவு குறையும்?’ என்று சிகிச்சை கொடுக்கும் டொக்டரிடம் நேராகவே கேளுங்கள். ‘புதியது’ என்பது காணி விற்கக் காரணமல்ல.

எங்கட பிளட்டுக்குள்ள ரேடன் இருக்குமோ? கிரனைட் தரை போட்டிருக்கு.

ரேடன் கதிர்வீசும் ஒரு வாயு, எல்லா வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். மண்ணிலும் கல்லிலும் உள்ள யுரேனியத்தின் வழித்தோன்றல் அது. வாயுவாக வெளிவந்து, 3.8 நாள் அரைவாழ்வில் பொலோனியமாக மாறும். சுவாசப்பையில் ஒட்டி அல்பா விடுவது பெரும்பாலும் இந்தப் பொலோனியம்தான். ஜேர்மனியின் ஷ்னீபேர்க் சுரங்கத் தொழிலாளருக்கு வந்த சுவாசப்பைப் புற்றை 1879 இலேயே எழுதி வைத்தார்கள். அப்போது ரேடன் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை. 1988 இல்தான் அது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று அதிகாரபூர்வமாக வகைப்படுத்தப்பட்டது.

இலங்கையில் தோரியத்தின் கதையும் உண்டு. பேருவளைக் கரையிலும் புல்மோட்டை மணலிலும் தோரியம் உள்ள மொனசைட் என்ற கனியம் இருக்கிறது. தோரியனைற்று என்ற கனியம் முதன்முதலில் 1904 இல் நமது நாட்டில்தான் கண்டெடுக்கப்பட்டது, கண்டெடுத்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை எழுதியவர் என்று மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்கும். தோரியத்திலிருந்து வரும் தோரன் வாயுவின் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்கும் குறைவு, எனவே சுவரை விட்டு அதிக தூரம் வராது. ஐந்தாம் மாடி பிளட்டுக்கு மண்ணிலிருந்து ரேடன் ஏறுவதும் குறைவு. கடற்காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மலிவான மருந்து. ஏசி போட்டு நாள் முழுக்கப் பூட்டி வைக்கிற அறைகளைத்தான் நான் சந்தேகிப்பேன்.

சிகரெட்டுக்கும் கதிருக்கும் என்ன சம்பந்தம்?

புகையிலையில் பொலோனியம்-210 இருக்கிறது என்று 1964 முதலே தெரியும். அதுவும் அல்பா விடுவது. புகையில் வேறு நூறு நஞ்சுகள் இருப்பதால் அதன் பங்கைத் தனியே பிரிப்பது கஷ்டம். ரேடன் உள்ள வீட்டில் புகைப்பவருக்கு ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, ஒன்றை மற்றது பெருக்குகிறது. அழற்சி ஜீன்கள் ஏற்கெனவே விழித்திருக்கிற சுவாசப்பையில் அல்பாவும் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு எக்ஸ்ரே, சீ.டீ. ஸ்கான், போன் டவர் எல்லாம் ஜீனை எழுப்புமோ?

சீவேற்று என்பது கதிரின் வகைக்கு நிறை போட்டுக் கணக்கிட்ட அளவு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவேற்று அல்லது அதற்கும் குறைவு. நெஞ்சு சீ.டீ. ஏறத்தாழ 5 முதல் 7. இயற்கையிலிருந்து மட்டும் உலகச் சராசரி மனிதர் வருடத்துக்கு 2.4 வாங்குகிறார். சீ.டீ. எடுத்தவர்களின் இரத்தக் கலங்களில் இரட்டை அறுவைகள் கூடியதையும், ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கியதையும் அளந்திருக்கிறார்கள். மாற்றம் அளக்கக் கிடைக்கிறது என்பதும் கெடுதல் நடந்தது என்பதும் ஒன்றல்ல. ஜெனரேட்டர் ஓடி நின்றிருக்கிறது, அவ்வளவுதான். தேவைக்கு எடுங்கள், சும்மா எடுக்காதீர்கள். டவரின் அலைக்கு இலத்திரனைப் பிடுங்கும் சக்தியே இல்லை, இந்தப் பக்கத்தில் அதற்கு இடமுமில்லை.

கதிர் குடுக்கேக்க இலைக்கஞ்சி, விற்றமின் குளிசை குடுத்தால் காப்பாத்துமோ?

இலைக்கஞ்சி சாப்பாடு, பசித்தால் குடிக்கட்டும். குளிசை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு நடத்திய பரிசோதனையின் முடிவு 1994 இல் வந்தது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களில் சுவாசப்பைப் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது, குறையவில்லை. அதோடு எக்ஸ்ரே புற்றுக்கலத்தைக் கொல்வதே பெரும்பாலும் அந்த மூலிகங்களால்தான் (மூன்றாம் கேள்வியைப் பாருங்கள்). அவற்றை அணைக்கும் குளிசையை அள்ளிப் போட்டால் யாரைக் காப்பாற்றுகிறோம்? எதை எடுத்தாலும் டொக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

மிஸ், கலம் பிரிஞ்சு பிரிஞ்சு போன பிறகும் அந்தப் பதில் ஞாபகம் இருக்குமோ?

கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பையன் கேட்டது. அவன் விண்வெளி ஓடத்தில் போகப் போகிறானாம். விண்வெளியில் இரும்பு அயன்கள் பறக்கின்றன, நெருக்கத்தில் அல்பாவுக்கே அண்ணன். மனிதச் சுவாசக்குழாய்க் கலங்களை இரும்பு அயன்களுக்குக் காட்டிப் பார்த்தபோது, டீ.என்.ஏ. மேல் ஒட்டும் மெதைல் குறிகள் மாறின. அந்த மாற்றம் பல தலைமுறைக் கலங்கள் பிரிந்த பிறகும் நின்றது. ஜீனின் எழுத்து மாறவில்லை, எந்தப் பக்கத்தைத் திறப்பது என்ற குறிதான் மாறியது. முதல் கேள்வியில் நான் போட்ட கோடு இங்கே கொஞ்சம் அழிகிறது. செயற்பாட்டு மாற்றமும் சில வேளை மரபாகிறது, கலத்திலிருந்து மகட்கலத்துக்கு. அவனிடம் இதைச் சொன்னதும், ‘அப்ப ஓடத்தில எவ்வளவு தடிப்புச் சுவர் வைக்கோணும் மிஸ்?’ என்றான். மெல்லிய சுவரில் இரும்பு அயன் மோதினால் அதிலிருந்தே துண்டுகள் சிதறி உள்ளே வரும், அதனால் ஐதரசன் நிறைந்த பொலித்தீன் மாதிரிப் பொருள்தான் ஈயத்தைவிட நல்லது என்று சொன்னேன். அடுத்த வகுப்புக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி மூடியோடு வந்திருந்தான்.